மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் கவிதை வாசிக்கவும் அனுப்பவும் எங்கே போவது?

நாணல்:
வணக்கம். களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருக்கிறேன். சில வருடமாகக் கவிதை எழுதுகிறேன், எல்லாம் கொப்பிக்குள்தான். இரண்டு விஷயம் கேட்க வேண்டும்.

ஒன்று, மட்டக்களப்பிலோ கல்முனையிலோ போய் உட்கார்ந்து கேட்க, முடிந்தால் வாசிக்க, கவிதை நிகழ்வுகள் எங்கே நடக்கின்றன? முகநூலில் தேடு என்கிறார்கள். தேடினால் முடிந்துபோன நிகழ்வின் படங்கள்தான் வருகின்றன. பொன்னாடை போர்த்தும் படம் எக்கச்சக்கம். அடுத்த நிகழ்வு எப்போது என்று ஒருவரும் போடுவதில்லை.

இரண்டு, எந்த இதழ்களுக்கு அனுப்பலாம், எப்படி அனுப்புவது? எனக்கு மரபு வராது. வெண்பா எழுதத் தெரியாதவளைக் கவியரங்கில் ஏற்றுவார்களா என்பதும் சந்தேகம்.

பழைய_வாசகன்:
மகள், நீங்கள் இருக்கிற இடமே நல்ல இடம். களுவாஞ்சிக்குடியில் கல்முனை பஸ்ஸில் ஏறி யன்னல் பக்கம் இருந்து பாருங்கள். பெரியநீலாவணை வரும், கவிஞர் நீலாவணனின் ஊர். அடுத்தது மருதமுனை, புலவர்மணி ஷரிபுத்தீனும் மருதூர்க்கொத்தனும் இருந்த ஊர். பாண்டிருப்பில் சண்முகம் சிவலிங்கம். கல்முனையில் நுஃமானும் சோலைக்கிளியும். சாய்ந்தமருதில் அனார். அதைத் தாண்டினால் காரைதீவு, 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். இவ்வளவு எழுத்தாளர்களும் ஒரே தெரு, ஒரே பஸ். இலங்கையில் வேறெங்கே இப்படி ஒரு தெரு இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி கேள்விக்கு வருகிறேன். இங்கே "கவிதை வாசிப்பு" என்று தனியாக அறிவித்து நடப்பது குறைவு. கவிதை வேறொன்றின் வயிற்றுக்குள் இருக்கும். நூல் வெளியீட்டு விழா, பிரதேச இலக்கிய விழா, நினைவு தினம், பாடசாலை ஆண்டு நிறைவு, கோவில் திருவிழாவின் கலை நிகழ்ச்சி, மீலாத் விழா. ஆகவே கவிதையைத் தேடாமல் விழாவைத் தேடுங்கள். அழைப்பிதழின் இரண்டாம் பக்கத்தில் "கவியரங்கு" என்று ஒரு வரி இருக்கும்.

நகரத்தில் பார்க்க வேண்டிய இடங்கள்: மட்டக்களப்புப் பொது நூலகம், தேவநாயகம் மண்டபம், கல்லடியில் விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம். நூலகத்தின் அறிவித்தல் பலகையை நேரில் போய்ப் பாருங்கள். முகநூலில் வராதது அங்கே ஒட்டியிருக்கும்.

போயா என்கிற பௌர்ணமி தினத்தையும் மறக்காதீர்கள். மாதம் ஒரு முறை எல்லாருக்கும் விடுமுறை என்பதால் இலக்கியக்காரர்களுக்கு அது வசதி. மட்டக்களப்பில் மகுடம் இதழைச் சுற்றியுள்ளவர்கள் பௌர்ணமி தினங்களில் நிகழ்வு நடத்தியிருக்கிறார்கள். கொழும்பில் வலம்புரி கவிதா வட்டமும் போயாவில்தான் கவியரங்கம் வைக்கிறது.

மருதமுனைக்காரன்:
ஐயா எங்கள் ஊரைச் சொன்னதற்கு நன்றி. தங்கச்சி, அம்பாறைப் பக்கத்துக்கு ஒரு சேர்க்கை. வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்காது, நோன்பு மாதத்திலும் நடக்காது, அல்லது தராவீஹ் தொழுகை முடிந்து இரவில் நடக்கும். மற்றப்படி சனி, ஞாயிறு பின்னேரம். நாலு மணி என்று அழைப்பிதழில் இருந்தால் ஐந்துக்குத்தான் தொடங்கும். ஆனால் நீங்கள் நாலுக்கே போய்விடுங்கள். கதிரை அடுக்குகிற நேரத்தில் பழக்கமாகிற ஆட்கள்தான் அடுத்த நிகழ்வுக்கு உங்களுக்கு வட்ஸ்அப் செய்தி போடுவார்கள். மேடையில் இருக்கிற பிரமுகர்களைப் பிடிப்பதில் பிரயோசனம் இல்லை. ஒலிபெருக்கி சரிபார்த்துக்கொண்டு ஓடித்திரிகிற ஒருவர் இருப்பார், அவரைப் பிடியுங்கள்.

கிண்ணையடி:
என் அனுபவம் வேறு. நூல் வெளியீடு என்று போனால் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, ஆசியுரை, நயவுரை, ஏற்புரை என்று போகும். நடுவில் ஊரில் உள்ள பெரியவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டு "சிறப்புப் பிரதி" கொடுப்பார்கள், அவர்கள் காசு வைத்த என்வலப்பை நீட்டுவார்கள், படம் எடுப்பார்கள். மூன்று மணி நேரத்தில் அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு கவிதையை முழுதாக யாரும் வாசித்து நான் கேட்டதில்லை. நயவுரைக்காரர் இரண்டு வரி எடுத்துக் காட்டுவார், அவ்வளவுதான்.

பழைய_வாசகன்:
தம்பி சொல்வது உண்மைதான், கோபமும் நியாயம். ஆனால் அந்த என்வலப் இல்லாவிட்டால் அச்சகக் கடன் கட்ட முடியாது. இங்கே கவிதைப் புத்தகம் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் சொந்தக் காசில் போடுகிறவர்கள். அந்த மேடைச் சடங்கு அவர்களின் வசூல். கேட்க அலுப்பாக இருந்தால் சிற்றுண்டி தரும் நேரத்தில் போய் எழுத்தாளரிடம் ஒரு பிரதி வாங்குங்கள், கையெழுத்துக் கேளுங்கள், நீங்களும் எழுதுகிறீர்கள் என்று சொல்லுங்கள். நான் சொன்ன "விழாவைத் தேடு" என்பதன் பாதிப் பயன் அதுதான்.

சாய்ந்தமருது_ராத்தா:
தங்கச்சி, பெண்கள் போகும்போது உள்ள விஷயத்தை இவர்கள் யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டுக்கு முடிகிற நிகழ்வு என்றால் திரும்பி வருவது எப்படி என்று முதலில் முடிவு செய்யுங்கள். பிரதான வீதியில் இருந்தால் கல்முனை–மட்டக்களப்பு பஸ் கிடைக்கும். உள்ளே என்றால் ஓட்டோவை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தனியே போகக் கூச்சமாக இருந்தால் ஒரு சிநேகிதியைக் கூட்டிப் போங்கள், அவ எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. "பெண்" என்ற இதழை வெளியிடுகிறவர்கள். பெண்கள் தினத்தை ஒட்டிய நாட்களில் பாட்டு, கவிதை, நாடகம் எல்லாம் இருக்கும். பகலில் நடக்கும், பொன்னாடை இராது, பத்துப் பேர் வட்டமாக இருந்து கதைக்கிற மாதிரி இருக்கும். முதல் வாசிப்புக்கு அப்படி ஒரு இடம் நல்லது. இணையத்தில் "ஊடறு" இருக்கிறது. பெண்களின் எழுத்துக்கென்றே பல வருடமாக நடக்கிற தளம்.

கவியரங்கைப் பற்றி எனக்கு ஒரு குறை உண்டு. ஏழு பேர் மேடையில் இருந்தால் அதில் ஒரு பெண், அவளுக்குத் தலைப்பு "தாய்". இதை யாராவது மறுங்கள் பார்ப்போம்.

மருதமுனைக்காரன்:
மறுக்க மாட்டேன் ராத்தா. சில இடத்தில் "தாய்" இல்லை, "பெண்மை".

வெல்லாவெளியான்:
பஸ் என்று எல்லாரும் சுலபமாகச் சொல்கிறீர்கள். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைக்காரரைக் கொஞ்சம் நினையுங்கள். பொழுது பட்டால் பட்டிருப்புப் பாலம் தாண்டி எங்கள் பக்கம் பஸ் பார்ப்பது கஷ்டம். மட்டக்களப்பில் ஏழு மணி நிகழ்வு என்றால் எங்களுக்கு அது கொழும்பில் நடக்கிற மாதிரிதான்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். வைகாசியில் எங்கள் பக்கம் வாருங்கள். கண்ணகி அம்மன் கோவில்களில் கதவு திறந்து, கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும்வரை, கண்ணகி கதையைப் பாட்டாகச் சொல்லும் கண்ணகி வழக்குரை படிப்பார்கள். ஏடு பார்த்து ஒருவர் படிக்க, கேட்கிற சனம் வரி தவறினால் திருத்தும். அச்சில் ஒரு கவிதையும் படிக்காத ஆச்சிமார் அதில் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். கவிதை வாசிப்பு எங்கே நடக்கிறது என்று நாணல் கேட்டா. எங்கள் ஊரில் வருடா வருடம் நடக்கிறது, அழைப்பிதழ் இல்லாமல்.

ஒலுவில்_மாணவன்:
அதேபோல எங்கள் பக்கம் "கவி" இருக்கிறது. நாலு அடி, வட்டைக்குள், அதாவது வயலுக்குள், வேலை செய்யும்போது பாடுவது, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் கட்டுவது. என் உம்மம்மாவிடம் கேட்டால் ஒன்று பாடுவா, மறுகா வெட்கப்பட்டு நிறுத்திவிடுவா. அனார் கிழக்கு நாட்டார் பாடல்களைத் தொகுத்து ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். புதுக்கவிதை எழுதுகிறவர்கள் இதைக் காதில் வாங்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி.

பல்கலைக்கழகங்களைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்கு. தமிழ்த் துறைகளின் நிகழ்வுகளுக்கு வெளியார் வரலாம், வாசலில் காவலாளியிடம் நிகழ்வின் பெயரைச் சொன்னால் போதும். மாணவர் சங்க இதழ்களில் வெளியாரின் கவிதை போடுவது அபூர்வம், அதை நம்ப வேண்டாம்.

நாணல்:
இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஐயா, ராத்தா, எல்லாருக்கும் நன்றி. அனுப்புவது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? மரபு பற்றியும்.

பழைய_வாசகன்:
மரபு பற்றி முதலில். கவியரங்கு ஓசைக்கான இடம். தலைவர் பாட்டாலேயே ஒவ்வொருவரையும் அழைப்பார், நீங்கள் அவரை வாழ்த்தி நாலு வரி சொல்லி, கொடுத்த தலைப்பில் ஏழெட்டு நிமிடம் பாட வேண்டும். வெண்பா வேண்டியதில்லை. எதுகை மோனையோடு ஓடுகிற அகவலோ, சிந்தோ போதும். இப்போது வசன நடையில் வாசிப்பவர்களும் ஏறுகிறார்கள். ஆனால் இரண்டு தரம் சொன்னால் சபைக்குப் பிடிபடுகிற வரி ஒன்றாவது வேண்டும். கொப்பிக்குள் அமைதியாக எழுதிய கவிதை அங்கே தோற்றுப்போகும், அது கவிதையின் குற்றம் இல்லை.

நீலாவணன் மேடையிலும் பேர்போனவர், தாளிலும் நின்றவர். 1975இல் காலமானார், இன்றும் அவருடைய சந்தம் வாயில் வருகிறது. சண்முகம் சிவலிங்கம் தாளுக்கு உரியவர். இருவரும் சில மைல் இடைவெளியில் வாழ்ந்தவர்கள்.

அச்சுப்பிழை:
பல வருடம் அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தவன் என்ற முறையில் அனுப்பும் விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

எந்த இதழ் என்று கேட்பதற்கு முன் இதழை வாங்குங்கள். மட்டக்களப்பிலிருந்து மகுடம், யாழ்ப்பாணம் அல்வாயிலிருந்து ஜீவநதி, கொழும்பிலிருந்து ஞானம் என்று பெயர் தெரிந்த இதழ்கள் உண்டு. கைக்குக் கிடைக்கிற கடைசி இதழை எடுத்து ஆசிரியர் பக்கத்தைப் பாருங்கள், மின்னஞ்சலும் முகவரியும் அங்கே இருக்கும். இணையத்தில் யாரோ பழைய முகவரியைப் போட்டிருப்பார்கள், அதை நம்பி அனுப்பிவிட்டுப் பதில் இல்லை என்று அழ வேண்டாம். பழைய இதழ்களைப் படிக்க நூலகம் தளம் இருக்கிறது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் போட்டு வருகிறார்கள், காசு இல்லை. நுஃமான் 1969 அளவில் கல்முனையிலிருந்து நடத்திய "கவிஞன்" போன்றவற்றையெல்லாம் நாங்கள் அங்கேதான் தேடுவது.

நாளிதழ்களில் வீரகேசரி, தினகரன், தினக்குரல் மூன்றின் ஞாயிறுப் பதிப்பிலும் கவிதைக்கு இடம் உண்டு. இங்கேதான் என் தொழில் ரகசியம். பத்திரிகையின் பத்தி ஒடுக்கம். உங்கள் வரி நீளமாக இருந்தால் வடிவமைப்பவர் அதை இரண்டாக மடிப்பார், மடிந்த துண்டு தனி வரியாக நிற்கும். நீங்கள் பதினொரு வரியில் எழுதியது பதினேழு வரியாக வரும், நிறுத்தம் எல்லாம் தப்பான இடத்தில். பத்திரிகைக்கு என்றால் நாலைந்து சொல்லுக்கு மேல் போகாத வரிகள் உள்ள கவிதையைத் தெரிவு செய்யுங்கள். நீள வரிக் கவிதையைச் சஞ்சிகைக்கு வையுங்கள்.

எழுத்துரு. யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். எங்கள் அச்சகங்களில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்கிறார்கள், மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பும், கிரந்த எழுத்தும் மேற்கோள் குறியும் முதலில் அடிபடும். அதனால் வேர்ட் கோப்போடு பிடிஎஃப் ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள், குழம்பினால் அதைப் பார்த்துத் திருத்துவோம். வட்ஸ்அப்பில் கவிதையை ஒட்டி அனுப்பாதீர்கள். கொப்பிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பவே அனுப்பாதீர்கள், அதை யார் இருந்து தட்டச்சு செய்வது?

ஒரு தடவைக்கு மூன்று கவிதை போதும். கடிதத்தில் பெயர், ஊர், தொலைபேசி, "வேறு எங்கும் வெளிவராதது" என்ற ஒரு வரி. வாழ்க்கை வரலாறு வேண்டாம். சன்மானம் எதிர்பார்க்காதீர்கள், இதழ் ஒன்று கிடைத்தால் சந்தோஷம்.

கிண்ணையடி:
"வேறு எங்கும் வெளிவராதது" என்பதில் முகநூலும் சேருமா? எல்லாரும் முதலில் அங்கேதான் போடுகிறோம்.

அச்சுப்பிழை:
சேரும் என்று வைத்துக்கொள்வதுதான் மரியாதை. சில ஆசிரியர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், சிலர் முகநூலிலேயே பார்த்துப் பிடித்துப்போய் "இதைத் தாங்கோ" என்று கேட்பார்கள். ஆனால் நீங்களாக அனுப்பும்போது புதிதாக அனுப்புங்கள். ஒரே கவிதையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் ஒருவரை ஒருவர் தெரிந்தவர்கள். இலங்கையில் இலக்கியம் ஒரு சின்னக் குடும்பம்.

ஒலுவில்_மாணவன்:
முகநூல் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் வயதுக்காரருக்கு வாசகர் அங்கேதான். அச்சு இதழில் வந்தால் எத்தனை பேர் படித்தார்கள் என்றே தெரியாது. அதோடு இணைய இதழ்கள் இருக்கின்றன. எங்கள் பக்கத்து இளைஞர்கள் நடத்துகிற "வனம்" இருக்கிறது. தமிழ்நாட்டில் "கனலி", மலேசியாவில் "வல்லினம்". அங்கேயும் எங்கள் ஊர்க் கவிதைகள் வருகின்றன. மின்னஞ்சல்தான், தபால் செலவும் இல்லை.

பழைய_வாசகன்:
அனுப்புங்கள் தம்பி, நான் தடுக்கவில்லை. முகநூலில் ஐம்பது "அருமை" வரும். ஒரு ஆசிரியர் "மூன்றாவது பத்தி வேண்டாம்" என்று எழுதுகிற ஒரு வரியில்தான் கவிதை திருந்தும். அது எங்கே கிடைக்குமோ அங்கே அனுப்புங்கள், தாளோ திரையோ.

கிண்ணையடி:
இன்னொரு முக்கியமான விஷயம், புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாரும் இதில் மாட்டுகிறார்கள். "நூறு கவிஞர்கள் இணையும் தொகுப்பு, உங்கள் கவிதை தெரிவாகியுள்ளது" என்று செய்தி வரும். எனக்கும் வந்தது. மகிழ்ந்துபோய்ப் பதில் போட்டால், பிரதிக் கட்டணம், தபால் கட்டணம், சான்றிதழ் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வரும். கட்டினேன். மாதக் கணக்கில் கழித்து வந்த புத்தகத்தில் என் கவிதை பாதியில் நிற்கிறது, மிச்சம் அடுத்த பக்கத்தில் வேறொருவரின் பெயருக்குக் கீழே. கேட்டால் "இரண்டாம் பதிப்பில் திருத்துவோம்". சான்றிதழ் மட்டும் தங்க எழுத்தில் கச்சிதம். அதில் எனக்குக் "கவிச்சுடர்" பட்டமும் போட்டிருந்தார்கள்.

மருதமுனைக்காரன்:
கவிச்சுடர் கிண்ணையடி அவர்களே, வணக்கம்.

சாய்ந்தமருது_ராத்தா:
சிரிப்பு வேண்டாம் தம்பி, இதில் சின்னப் பிள்ளைகள் நிறைய மாட்டுகிறார்கள். நான் பார்க்கிற அளவுகோல் ஒன்றுதான். தொகுப்பாசிரியர் யார், அவர் எந்தக் கவிதையையாவது வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறாரா? அனுப்புகிற எல்லாமே தெரிவானால் அங்கே தெரிவு என்று ஒன்று நடக்கவில்லை. பங்கு போட்டு அச்சிடுவது தவறில்லை, நண்பர்கள் சேர்ந்து கணக்கைத் திறந்து வைத்துச் செய்தால். தெரிவு என்று பெயர் சொல்லிக் காசு கேட்பதுதான் தவறு.

வெல்லாவெளியான்:
காசு கேட்காத வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. பிரதேச செயலகம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். அவரிடம் போய் "நான் இந்தப் பிரிவில் கவிதை எழுதுகிறேன், பதிந்துகொள்ளுங்கள்" என்று சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை இலக்கியப் போட்டி வரும், பாடசாலைப் பிரிவு, திறந்த பிரிவு என்று. பிரதேசத்தில் தெரிவானால் மாவட்டம், அதற்கு மேலும் போகும். விதிகளை ஒரு தரம் முழுதாக வாசியுங்கள். பெரும்பாலும் கவிதைப் பக்கத்தில் பெயர் எழுதக்கூடாது, தனித் தாளில் எழுதி அதே உறையில் வைக்க வேண்டும். நல்ல கவிதைகள் இதனாலேயே கழிந்து போகின்றன.

பிரதேச கலாசார விழாவில் மலர் ஒன்று போடுவார்கள். மலரை நிரப்பக் கவிதை தேடுகிற காலம் ஒன்று வரும், விழாவுக்குக் கொஞ்சம் முன்னால். உத்தியோகத்தருக்கு உங்கள் பெயர் தெரிந்திருந்தால் அவரே அழைப்பார். கவியரங்குக்கு ஆள் தேடுவதும் அவர்தான்.

அச்சுப்பிழை:
சரியாகச் சொன்னீர்கள். ஒரு திருத்தம் அல்ல, சேர்க்கை: மாகாண இலக்கிய விருதும் அரச இலக்கிய விருதும் அச்சான நூல்களுக்கு. கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்கு, மாகாணத் திணைக்களத்துக்குப் போய் நிற்க வேண்டாம். நூல் போடுகிற நாள் வந்தால் கொழும்பில் தேசிய நூலகத்திடம் நூலுக்கான ஐஎஸ்பிஎன் எண் எடுங்கள். நூல் பிரசுரத்துக்கு உதவித் திட்டமும் அவர்களிடம் இருக்கிறது, கையெழுத்துப் பிரதியோடு விண்ணப்பிப்பது அதற்குத்தான். ஆனால் அது பிறகு. முதலில் இதழ்களில் வரட்டும்.

செப்டெம்பர் இலக்கிய மாதம், ஒக்டோபர் வாசிப்பு மாதம். நாணல், இந்த இரண்டு மாதமும் கல்முனை, மட்டக்களப்பு நூலகங்களில் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வானொலிக்கு ஆசை இருந்தால் அட்டாளைச்சேனையில் பிறை எஃப்.எம் இருக்கிறது.

நாணல்:
நாளைக்கே பிரதேச செயலகத்துக்குப் போகிறேன். இப்போது துணிந்து ஒன்றைப் போடுகிறேன். இதை மேடையில் வாசிக்கலாமா, இதழுக்கு அனுப்பலாமா, சொல்லுங்கள். முகநூலில் போடவில்லை.

அம்மாவின் கணக்குக் கொப்பியில்
கடைக்காரர் பெயருக்கு நேரே
நீளமாய் ஒரு கோடு.
கடன் தீர்ந்ததா
கடை மூடியதா
கோட்டுக்கு இரண்டும் ஒன்று.
அம்மாவுக்கு அப்படி இல்லை.

மருதமுனைக்காரன்:
மாஷா அல்லாஹ். வாவி, நிலா, மீன் பாடும் தேன்நாடு ஒன்றும் இல்லாமல் மட்டக்களப்பில் ஒரு கவிதை! ஆசிரியர்கள் இதற்கே கை கொடுப்பார்கள்.

பழைய_வாசகன்:
நல்ல கவிதை. ஆனால் கடைசி வரியை எடுத்துவிடுங்கள், மகள். "கோட்டுக்கு இரண்டும் ஒன்று" என்றதும் வாசிப்பவருக்கு அம்மாவின் முகம் வந்துவிடுகிறது. மறுபடி அம்மாவைச் சொன்னால் அவரை நம்பாத மாதிரி ஆகிறது.

கிண்ணையடி:
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வரி போனால் கவிதை வெறும் கெட்டிக்காரத்தனத்தில் நின்றுவிடும். வலி அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது. மேடையில் வாசித்துப் பாருங்கள், சபை அந்த வரிக்குத்தான் அசையும்.

பழைய_வாசகன்:
அசையும் என்பது சரி. அதனால்தான் எடுக்கச் சொல்கிறேன்.

சாய்ந்தமருது_ராத்தா:
இரண்டு பேரும் சரி. தங்கச்சி, மேடைக்கு அந்த வரியோடு வாசியுங்கள், இதழுக்கு அது இல்லாமல் அனுப்பிப் பாருங்கள். ஆனால் "கடை மூடியதா" என்ற இடத்தில் எனக்கு ஒரு கேள்வி. கடை ஏன் மூடியது? கடைக்காரர் ஊரைவிட்டுப் போனாரா, செத்தாரா, எரித்தார்களா? எங்கள் பக்கத்தில் கடை மூடியது என்றால் இந்த மூன்றும் வரும். நீங்கள் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றே என்றால் நல்லது. தெரியாமல் விட்டது என்றால் ஒரு தடவை யோசியுங்கள்.

நாணல்:
வேண்டுமென்றே விட்டதுதான் ராத்தா. எனக்கே அம்மா சொல்லவில்லை.

சாய்ந்தமருது_ராத்தா:
அப்படியென்றால் கை வைக்காதீர்கள்.

அச்சுப்பிழை:
வரி நீளம் பத்திரிகைப் பத்திக்குச் சரியாக இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறேன். இதோடு வேறு இரண்டு கவிதை சேர்த்து அனுப்புங்கள். இரண்டு மாதம் பொறுங்கள். பதில் வராவிட்டால் ஒரு தடவை பணிவாகக் கேளுங்கள். அப்புறமும் வராவிட்டால் வேறிடத்துக்கு அனுப்புகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அனுப்புங்கள். கோபித்து முகநூலில் எழுதாதீர்கள். இங்கே இதழ் நடத்துகிறவர் பெரும்பாலும் தனி ஆள். பகலில் வேலை, இரவில் இதழ்.

நாணல்:
கடைசியாக ஒன்று. புனைபெயரில் அனுப்பலாமா? வேலை செய்கிற இடத்தில் தெரிய வேண்டாம் என்று பார்க்கிறேன்.

பழைய_வாசகன்:
தாராளமாக. நீலாவணனின் சொந்தப் பெயர் சின்னத்துரை, எத்தனை பேருக்குத் தெரியும்? ஆசிரியருக்கான கடிதத்தில் மட்டும் உண்மைப் பெயரும் முகவரியும் கொடுத்துவிடுங்கள், இதழ் வந்து சேர வேண்டுமே.

அச்சுப்பிழை:
போட்டிக்கும் விருதுக்கும் அடையாள அட்டைப் பெயர் கேட்பார்கள், அங்கே புனைபெயர் செல்லாது. "நாணல்" என்று வேறு யாராவது ஏற்கெனவே எழுதுகிறார்களா என்று நூலகம் தளத்தில் ஒரு தரம் தேடுங்கள். பொதுவான பெயர், நிச்சயம் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்.

மருதமுனைக்காரன்:
ஊர்ப் பெயரை முன்னால் போட்டால் பிரச்சினை தீரும் தங்கச்சி. ஆனால் "மருதூர்" என்று மட்டும் தொடங்காதீர்கள். கொத்தன், கனி என்று வரிசையாக ஆள் இருக்கிறது, எங்கள் ஊரில் இனி இடம் இல்லை.